பிரசங்கமா, பந்திவிசாரணையா? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையில் ஏழைகளுக்குச் சாப்பாடு, இலவச டியூஷன், மருத்துவ முகாம் எல்லாம் நடக்கிறது. இதுவே ஊழியம்தானே ஐயா, பிரசங்கம் எதற்கு?

பதில்: வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி. கிரேக்கு பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று எருசலேம் சபையில் முறுமுறுப்பு. இயேசு அனுப்பிய சீடர்களான அப்போஸ்தலர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அதைப் பார்க்க ஏழு பேரை வைத்துவிட்டு, தாங்கள் ஜெபத்திலும் வசனத்திலும் நின்றார்கள். அந்த ஏழு பேர் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்தேவான் கிறிஸ்துவைச் சாட்சியாகப் பேசியே கல்லெறியுண்டு மரித்தார். பிலிப்பு சமாரியாவில் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார். பந்தி விசாரிக்க, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்க, வந்தவர்களையும் வசனம் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், ஆனால் அதைப் பிரசங்கத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

கேள்வி: ஜெபித்து என் கடன் தீர்ந்தது என்று கூட்டத்தில் சொல்வதும் சுவிசேஷம்தானே?

பதில்: அது சாட்சி. நன்றாகச் சொல்லுங்கள். சுவிசேஷம் 1 கொரிந்தியர் 15:3, 4-ல் இருக்கிறது: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். பாட்டும் சாட்சியுமாக நேரம் ஓடி, சிலுவை கடைசி ஜெபத்தில் மட்டும் தலைகாட்டும் கூட்டத்துக்கு ‘சுவிசேஷப் பெருவிழா’ என்று நோட்டீஸ் அடிப்பது கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கை அச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே கொண்டாடுகிறோம்?

பதில்: அவர் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியது பிரசங்கிக்கத்தான். அதற்காகவே தமிழ் படித்தார். தமிழில் பிரசங்கித்தார், மக்கள் தாங்களே வாசிக்கட்டும் என்று பள்ளிக்கூடம் வைத்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-ல் அது அச்சாகி வந்தது. பிரசங்கத்தை எடுத்துவிட்டால் அந்த அச்சுக்கூடம் ஏன் வந்தது என்றே புரியாது.

கேள்வி: வேதமே தெரியாதவர்களிடம் எங்கே தொடங்குவது ஐயா?

பதில்: ஏதென்ஸில் அப்போஸ்தலர் பவுல் ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடத்திலிருந்து தொடங்கினார். அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொன்னார். ஆனால் உயிர்த்தெழுதலில்தான் கொண்டுபோய் முடித்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். இன்றும் இந்த மூன்றும்தான் நடக்கும்.

கேள்வி: எனக்கு மைக் என்றாலே கை நடுங்கும்.

பதில்: அப்போஸ்தலர் 8-ல் துன்புறுத்தலால் எருசலேமிலிருந்து சிதறிப்போன விசுவாசிகள் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள், அப்போஸ்தலர்களோ அப்போது எருசலேமிலேயே இருந்தார்கள். சரி, மைக் வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். கேட்க விருப்பமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து வாரம் ஓர் அதிகாரம் வாசியுங்கள்.