வெளிநாட்டில் படிக்கும்போது எந்தத் திட்டமும் இல்லாமல் கிளம்பிப்போன வார இறுதி ஏதாவது உண்டா?

உண்டு. ஜெர்மனியில், ட்ரெஸ்டன் நகரத்தில் முதுகலை படித்தபோது நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மாணவர் விடுதியில் இணையம் படுத்துவிட்டது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. இணையம் இல்லாமல் அதில் ஒரு வரிகூட நகராது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதுரைக்காரன்தான் ஆரம்பித்தான்: "ஸ்டேஷனுக்குப் போவோம்டா. எந்த வண்டி முதல்ல கிளம்புதோ அதுல ஏறிடுவோம்."

ஜெர்மனியில் படிக்கிறவர்கள் இப்படிப் பேசுவது வெட்டி வீராப்பு இல்லை. 2023 மே மாதம், மாதத்துக்கு 49 யூரோ விலையில் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற பயணச்சீட்டு வந்தது. 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்கள் அதையே 60 சதவீத விலைக்கு, அன்றைய கணக்கில் மாதம் 29.40 யூரோ, பருவக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுகின்றன. (விலை அப்புறம் ஏறிவிட்டது.) நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், ரீஜனல் ரயில் எல்லாம் அதில் அடக்கம். ஐசிஇ மாதிரி வேக வண்டிகளில் மட்டும் செல்லாது. காசுதான் முன்னாடியே கட்டியாயிற்றே, அதனால் "போகலாமா?" என்று யாராவது கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது. எங்களுக்கு சாகசப் புத்தியெல்லாம் கிடையாது, டிக்கெட் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் கிளம்பிய ரீஜனல் வண்டி கெர்லிட்ஸ் போவது. ஜெர்மனியின் கிழக்கோரக் கடைசி ஊர். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், இணையம் வந்துவிட்டது என்று விடுதிக் குழுவில் செய்தி வந்தது. நாலு பேரும் படித்தோம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

கெர்லிட்ஸில் போருக்கு முந்தைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில் குண்டுகளுக்குத் தப்பிய ஊர். ஹாலிவுட்காரர்கள்கூட வந்து படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது உண்டர்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கும் ஒரு கல் வளைவு. ரகசிய வளைவு என்கிறார்கள். வாசலைச் சுற்றிப் போகும் அந்த வளைவின் ஒரு காலடியில் வாயை வைத்து மெல்லப் பேசினால், கல்லில் வெட்டிய பள்ளத்தின் வழியே குரல் ஏறி, மறு காலடியில் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் கேட்காது. நாங்கள் வெகுநேரம் அங்கேயே நின்று, ஊரில் சத்தமாகச் சொல்ல முடியாத வார்த்தைகளையெல்லாம் அந்தக் கல்லுக்குள் அனுப்பினோம். பின்னால் காத்திருந்த ஜெர்மன் பாட்டி ஒருவர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, தமிழ் தெரியாது.

மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு அடிப்படையான 15 பாகை தீர்க்கரேகையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது, இந்திய நேரத்துக்கு 82.5 பாகை மாதிரி.

சரி, அங்கே இருக்கும் ஒரு பாலத்துக்கு வருகிறேன். ஊரின் ஓரத்தில் நைசே ஆறு. 1945க்குப் பிறகு ஆறே எல்லையாகி, கிழக்குக் கரைப் பகுதி ஸ்கோஜெலெட்ஸ் என்ற பெயரில் போலந்துக்குப் போய்விட்டது. போர் முடியும் தறுவாயில் தகர்க்கப்பட்ட பழைய பாலம் இருந்த இடத்தில், 2004இல் நடைபாலம் கட்டினார்கள். இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் வேறு நாடு. பாலத்தின் முனையில் அறைத்தோழன் நின்றுவிட்டான். பர்ஸில் குடியிருப்பு அட்டை இருந்தது, பாஸ்போர்ட் விடுதியில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எல்லை தாண்ட இரண்டும் வேண்டும். 2023 அக்டோபரில் ஜெர்மனி அந்த எல்லையில் சோதனையையும் தொடங்கியிருந்தது. எங்கள் வகுப்பு ஸ்பானியப் பையன் என்றால் சட்டைப்பையில் அடையாள அட்டையோடு போய்க்கொண்டே இருப்பான். நாம் "சும்மா கிளம்பினேன்" என்று சொல்வதில்கூடப் பாஸ்போர்ட் எடுத்து வைக்கிற வேலை ஒன்று ஒளிந்திருக்கிறது.

அவனை ஜெர்மனியிலேயே உட்காரவைத்துவிட்டு மூன்று பேர் போலந்து போனோம். கரையோர உணவகத்தில் பியரோகி வாங்கினோம். கொழுக்கட்டை மாதிரி வேகவைத்தது, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். யூரோவை வாங்கிக்கொண்டு மீதியைப் போலந்து நாணயமான ஸ்லோட்டியில் கொடுத்தார்கள். அவனுடைய பங்கைப் பொட்டலம் கட்டித் திரும்பினோம். ஆறிப்போயிருந்தது. "சர்வதேச பார்சல்டா" என்றான் மதுரைக்காரன். அறைத்தோழன் அவனுக்குப் பதில் சொல்லாமல் ஒன்று விடாமல் தின்று முடித்தான்.

இரவு பழைய நகரத்தில் ஒரு சின்ன தங்கும் விடுதியில் தங்கினோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றுத்துணி இல்லை என்பதைத் தவிர.

ஞாயிறு திரும்பும் வழியில் பவுட்சன் நிலையத்தில் வண்டி நின்றது. பெயர்ப்பலகையில் பவுட்சனோடு புடிஷின் என்று இன்னொரு பெயரும் இருந்தது. ஸ்டேஷன் பலகையில் எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்று பார்த்தே வளர்ந்த கூட்டம் நாம். சும்மா விட முடியுமா? கதவு மூடுவதற்குள் இறங்கிவிட்டோம். அது சோர்பிய மொழி. செக், போலிஷ் போல ஸ்லாவியக் குடும்பம். பல நூற்றாண்டுகளாக ஜெர்மன் பேசுவோருக்கு நடுவே இருக்கும் சோர்பியர்கள் இன்று சுமார் 60,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கே தெருப்பெயர்கள் இரண்டு மொழியில், சட்டப் பாதுகாப்போடு. மதுரைக்காரன் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று போட்டோ எடுத்ததில், சாய்ந்து நிற்கும் ரைஷன் கோபுரத்துக்கு அவன் கொடுத்தது ஒரே ஒரு படம்.

பவுட்சன் கடுகுச் சாந்துக்குப் பேர்போன ஊர். கடுகில் சூப் வைக்கிறார்கள். தாளிப்பில் வெடிக்க வேண்டிய பொருளைக் கரண்டியால் குடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை; மற்றவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் நடத்திய சிறை ஒன்றும் அங்கே நினைவகமாக இருக்கிறது. நாங்கள் தேடிப் போனபோது மூடிவிட்டார்கள். அதற்காக மட்டும் பிறகு ஒருநாள் தனியாகப் போனேன், திறக்கும் நேரமெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு.