பெயர் அச்சாகாத தில்ரூபா

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டு ஆல்பத்தில் உள்ள ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டைச் சென்ற இதழில் மிகவும் புகழ்ந்திருந்தீர்கள். தேடிக் கேட்டேன். சிதாரையும் தபேலாவையும் ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டு நம் இசையைக் கலப்படம் செய்திருக்கிறார்கள். அந்த ஆல்பத்தை விரும்பிக் கேட்பவர்களிலேயே பலர் இந்தப் பாட்டைத் தாண்டிவிடுகிறார்களாம். இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், பென்னாகரம்)

பதில்: ஊறுகாய் என்ற குற்றச்சாட்டை, அதே குழு 1965-இல் பதிவுசெய்த ‘நார்வீஜியன் வுட்’ பாட்டின் மீது நீங்கள் வைத்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன். அதில் கிட்டார் பாட்டு ஒன்றுக்கு நிறம் சேர்க்கத்தான் சிதார் வந்தது. நீங்கள் குறிப்பிடும் பாட்டு அப்படிப்பட்டதன்று. குழுவில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 1966 செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து, பண்டிட் ரவிசங்கரிடம் சில வாரங்கள் சிதார் பயின்று திரும்பிய பிறகு அமைத்த பாட்டு இது. குழுவின் மற்ற மூவரும் இதில் வாசிக்கவில்லை, பாடவுமில்லை. தம்புராவும் தபேலாவும், வில்லால் இழைத்து வாசிக்கும் வடநாட்டுத் தந்தி வாத்தியமான தில்ரூபாவும்தான் இதன் உடல். கிட்டாரை இதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் அரிகாம்போதிக்கு இணையான கமாஜ் என்ற இந்துஸ்தானி தாட்டை (ஸ்வர அடுக்கை) ஒட்டி ராகமும், பதினாறு மாத்திரைத் தீன்தாலில் தாளமும் நடக்க, நடுவில் சொற்கள் நின்று வாத்தியங்கள் மட்டும் பேசும் இடத்தில் கணக்கு ஐந்தைந்தாக மாறுகிறது. கேட்கும்போது அந்த மாற்றத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். தொட்டுக்கொள்ள வந்தவர்கள் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள்.

பதிவு நடந்த விதமும் இதையே சொல்கிறது. 1967 மார்ச் 15 அன்று லண்டன் ஆபி சாலையில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பின் வழியே வந்த இந்தியக் கலைஞர்கள் கம்பளத்தில் அமர்ந்து வாசித்தார்கள். ஸ்வரக்குறிப்புத் தாளை நீட்டாமல், ஹாரிசன் பாடிக் காட்டிக் காட்டியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மேலும் தில்ரூபா சேர்க்கப்பட்டது. ஏப்ரல் 3-இல்தான் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எட்டு வயலின்களையும் மூன்று செல்லோக்களையும் அழைத்துவந்தார். தில்ரூபா ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இழைவை, ஸ்வரங்களைத் தனித்தனியே நிறுத்தி வாசித்துப் பழகிய மேற்கத்தியக் கலைஞர்களின் வில்லிலிருந்து வரவழைப்பது அவருக்குப் பெரும் வேலையாக இருந்தது. எந்த இசை எந்த இசையைப் பின்பற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அங்கே வளைந்துகொடுத்தது வயலின்தான்.

கலப்படம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துக் கூத்து மேடையில் பின்பாட்டுக்குச் சுருதி தரும் ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த வாத்தியம். அது நம் கமகத்துக்கு ஒத்துவராது என்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை விலக்கியே வைத்திருந்தது. ஆனால், கூத்து வாத்தியார்கள் அதை விலக்கவில்லை. அதனால் கூத்து கெட்டுப்போய்விடவும் இல்லை. நீங்கள் கலப்படம் என்று சொல்லும் இந்தப் பாட்டை ஹாரிசன் முதலில் அமைத்ததும், லண்டனில் நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்த ஆர்மோனியத்தில்தான்.

பலர் இந்தப் பாட்டைத் தாண்டிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஐந்து நிமிடம் ஓடுகிறது; அந்த ஆல்பத்தில் இதைவிட நீளமானது கடைசிப் பாட்டு மட்டுமே. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் முதலில் வருவதால், துள்ளலை எதிர்பார்த்தவர்களுக்கு அது சோதனையாக இருந்தது. முடிவில் ஹாரிசன் சேர்த்த சிரிப்பொலியைக் கேலி என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஐந்து நிமிடக் கனத்துக்குப் பிறகு சற்று மூச்சுவிடத்தான் அதை வைத்ததாக அவரே விளக்கியிருக்கிறார். மறுபக்கம், இது ஹாரிசனின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று அதே குழுவின் ஜான் லெனன் 1980-இல் கூறினார். தாண்டியவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பாட்டை எடைபோடுவதாக இருந்தால், விடியற்காலை மூன்று மணிக்குக் கூத்துப் பந்தலில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாரதக் கூத்தையும் எடைபோட வேண்டியிருக்கும்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் மனக்குறை பொய் என்று நான் நினைக்கவில்லை; அது தவறான இடத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பதிவில் நேர்ந்த அநியாயம், இசையைக் கலந்தது அன்று; வாசித்தவர்களின் பெயரை விட்டது. பாடும் குரலின் நிழல் போலத் தொடர்ந்து வரும் அந்தத் தில்ரூபாவை இழைத்தவர் யார் என்று ஆல்பத்தின் உறையில் ஒரு வரி கூட இல்லை. பாட்டின் வரிகள் முழுவதையும் அச்சிட இடமிருந்த உறை அது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகிய நால்வரும் அடையாளம் காணப்பட்டார்கள். முதல் இருவரும் தில்ரூபா, அடுத்தவர் தம்புரா, கடைசியானவர் தபேலா. 1996-இல் வெளிவந்த ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் இதே பாட்டின் குரலில்லாத வடிவம் இருக்கிறது. ஒரு முறை அதைக் கேளுங்கள். அவர்களுடைய கை எவ்வளவு பேசியிருக்கிறது என்பது அதில்தான் முழுமையாகத் தெரிகிறது.

லண்டனைக் குறைசொல்லும் முன் நம் ஊரைப் பார்ப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துரியோதனன் படுகளம் வரை நடக்கும் பாரதக் கூத்துகளின் பதிவுகளை வாங்கியும் இரவல் பெற்றும் நான் கேட்டுவருகிறேன். உறையில் வாத்தியாரின் பெயர் இருக்கும், சில சமயம் வேடதாரிகளின் பெயர் இருக்கும், செலவு செய்தவரின் பெயர் படத்துடன் இருக்கும். இரவெல்லாம் முகவீணை ஊதியவரின் பெயரை மட்டும் நான் இன்னும் எந்த உறையிலும் பார்க்கவில்லை. நம் இதழிலேயே ஒரு கூத்துக் கட்டுரைக்கு முகவீணைக் கலைஞர் ஒருவரின் படத்தை அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே அவர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டோம். அந்தத் தவறு என்னுடையது. மறு இதழில் திருத்தம் வெளியிட்டோம். அதற்குள் அவருடைய ஊரில் அந்த அட்டையைக் காட்டி, ‘இது யார்?’ என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு உங்கள் ஊர்ப் பக்கம் பாரதம் வைக்கும்போது, ஆடவரும் குழுவில் முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம் வாசிப்பவர்களின் பெயர்களை அவர்களிடமே கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல், அவர்களின் சம்மதத்துடன் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில், உங்கள் கேள்விக்கு ஒதுக்கிய அதே அளவு இடத்தில் அச்சிடுகிறேன்.