பழைய வீடியோ டெக்: கேட்டதும் சொன்னதும்

எண்பதுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் டெக் திருத்தியவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டிவியில் ஒரு சனல் ஓடும்போது டெக் வேறொன்றைப் பதியுமே, எப்படி ஐயா? (கொட்டாஞ்சேனை)

டெக்குக்குள் தனியாக ஒரு டியூனர், அதாவது சனலைப் பிடிக்கும் பகுதி, இருந்தது. அன்டெனா வயர் முதலில் டெக்குக்குப் போய், பிறகுதான் டிவிக்கு வரும். 1982இல் ரூபவாஹினி சனல் வந்த பிறகுதான் இந்த வசதிக்கு வேலை வந்தது. அதுவரை 1979இல் தொடங்கிய ஐ.டி.என். சனல் ஒன்றுதானே!

பாட்டுக் கசெட்டை விட வீடியோ நாடா மெதுவாக ஓடுமாமே? (பம்பலப்பிட்டி)

உண்மைதான். பாட்டுக் கசெட் வினாடிக்கு 4.76 செ.மீ., நம் நாட்டு வீ.எச்.எஸ். வீடியோ நாடா 2.34 செ.மீ. ஆனால் நாடாவில் பதியும் முனையான ஹெட் பொருத்திய உருளை வினாடிக்கு 25 தரம் சுழலும். அதில் எதிரெதிராக இரண்டு ஹெட். ஒவ்வொன்றும் நாடாவில் சாய்வாக ஒரு கோடு இழுக்கும். ஒரு கோட்டில் அரைப் படம்.

அப்படியிருந்தும் பதிந்த படம் ஏன் மங்கல்? (தெஹிவளை)

இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். காற்றில் வந்த சிக்னலை டெக் அப்படியே பதியவில்லை, வெளிச்சம் வேறு, நிறம் வேறு என்று பிரித்துப் பதிந்தது. வெளிச்சத்தில் ஏறக்குறைய 3 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுத்துக்கொண்டது. ஒளிபரப்பில் வந்ததோ 5. நுண்ணிய விவரங்கள் இருப்பது அந்த மேல் பகுதியில்தான், அதனால் செய்தி வாசிப்பவரின் சேலைக் கரையில் உள்ள மெல்லிய கோடுகள் போய்விடும். நிறம் 4.43 மெகாஹேர்ட்ஸில் வரும். நாடா சற்று ஆடினாலே அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் நிறம் குழம்பும். ஆகவே அதை 627 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கிப் பதிந்து, போடும்போது ஆட்டத்தைக் கழித்துவிட்டு மேலே ஏற்றினார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெட்டியிலேயே கெட்டித்தனமான வேலை இதுதான்.

லண்டன் அண்ணன் தந்த டெக்கில் படம் வருகிறது, சத்தம் இல்லை. (வெள்ளவத்தை)

டெக்கில் பழுதில்லை தம்பி. அங்கத்தைய பழைய ஒளிபரப்பு முறையில் சத்தம் படத்திலிருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும், இங்கே 5.5. அன்டெனா வயரை விட்டு, வீடியோ, ஓடியோ வயர்களைத் தனித்தனியாக டிவிக்குக் கொடுங்கள். ஆனால் அதன் டியூனர் யூ.எச்.எஃப். என்ற மேல் அலைவரிசைகளை மட்டும்தான் பிடிக்கும், வீ.எச்.எஃப். என்ற கீழ் அலைவரிசையில் வந்த ரூபவாஹினியை அதில் பதிந்திருக்க முடியாது.

பாரிஸ் மச்சாளின் கல்யாணக் கசெட் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறதே? (மருதானை)

திரையில் படத்தை வரையும் கோடுகள் அங்கேயும் 625தான், அதனால் படம் நிற்கிறது. நிறம் மட்டும் செகாம் (SECAM) என்ற வேறு முறை, நம்முடையது பால் (PAL) என்ற முறை. ரொறன்ரோ கசெட் என்றால் 525 கோடு, படமே உருளும். செகாம் தெரிந்த டெக் ஒன்று கிடைக்கும்வரை, கூறைச் சேலை என்ன நிறம் என்று மச்சாளிடமே கேளுங்கள்.