பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் பள்ளியில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொல்லி, அவள் 'பார்த்துக் கற்கும் வகை' என்று முடிவு சொல்லிவிட்டார்கள். அன்று முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னால், "எனக்குப் படம் காட்டினால்தான் புரியும்" என்கிறாள். பன்முக நுண்ணறிவு என்பது இதுதானா? நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பதில்: இரண்டும் வேறு வேறு. அமெரிக்க உளவியலாளர் ஹோவார்டு கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாடு, மொழி, கணிதமும் தருக்கமும், இசை, உடலியக்கம், இடவெளி உணர்வு, பிறரைப் புரிந்துகொள்ளுதல், தன்னைப் புரிந்துகொள்ளுதல் என ஏழு ஆற்றல்களைப் பிரித்துக் காட்டியது; இயற்கையை இனங்காணும் ஆற்றலைப் பிற்பாடு அவரே சேர்த்துக்கொண்டார். ஒருவர் எதில் வல்லவர் என்பதைப் பேசும் கோட்பாடு அது. பாடம் கண் வழியே போக வேண்டுமா, காது வழியே போக வேண்டுமா என்று அது சொல்லவில்லை. தம் கோட்பாட்டைக் கற்றல் பாணிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கார்ட்னரே பின்னாளில் எழுத நேர்ந்தது.

தங்கள் மகளுக்குக் கிடைத்த முத்திரை அந்தக் கற்றல் பாணிக் கருத்திலிருந்து வந்தது. அவரவர் வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பது அதன் வாதம். இது மெய்யானால், 'பார்ப்பவர்' படத்தாலும் 'கேட்பவர்' பேச்சாலும் மேலாகக் கற்பதும், முறையை மாற்றிக் கொடுத்தால் இருவரும் பின்தங்குவதும் சோதனையில் தெரிய வேண்டும். 2008-இல் ஹரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் பார்த்தார்கள். இவ்வாறு முறையாகச் சோதித்தவையே மிகச் சில என்பதையும், அவற்றிலும் பல இந்த வாதத்துக்கு நேரெதிராக முடிந்திருந்தன என்பதையும் கண்டார்கள்.

பிள்ளைகளுக்கு விருப்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை; விருப்பம் உண்டு, ஆனால் முறையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடம்தான். நிலப்படத்தைப் பார்த்தே அறிய முடியும். ஒரு மொழியின் ஒலிப்பைக் கேட்டே பழக முடியும். நீச்சலுக்கு நீரில் இறங்கியே ஆக வேண்டும். இதயத்தின் நான்கு அறைகள் வழியே இரத்தம் செல்லும் பாதையைப் படத்தில் காட்டிக்கொண்டே வாயாலும் விளக்கினால், எந்த வகை என்று பெயர் பெற்ற குழந்தைக்கும் அது எளிதில் விளங்கும். வாசிப்பு தனக்கு வராது என்று இந்த வயதிலேயே ஒரு குழந்தை நம்பத் தொடங்குவதுதான் எனக்குக் கவலை தருகிறது. படம் பிடிக்கும் என்றால் அவளே வரையட்டும்: ஒரு பத்தியை வாசித்து, புத்தகத்தை மூடிவைத்து, வாசித்ததைப் படமாக்கச் சொல்லுங்கள். படத்தில் எது விடுபட்டதோ, அந்த வரிகளுக்கு அவளே திரும்பிப் போவாள்.

கேள்வி: அப்படியானால் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) என்ற ஒற்றை எண்ணை நம்பலாமா?

பதில்: ஓரளவுக்கு நம்பலாம். ஒரு வகைச் சோதனையில் நன்றாகச் செய்பவர்கள் பிறவற்றிலும் பொதுவாக நன்றாகச் செய்கிறார்கள் என்று உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் காட்டினார். அது இன்றுவரை திரும்பத் திரும்ப உறுதியாகி வருவதால்தான், கார்ட்னர் சொன்ன ஆற்றல்கள் தனித்தனியானவை என்பதை உளவியலாளர் பலர் ஏற்பதில்லை. ஆனால் 1905-இல் பிரான்சில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே தம் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். அறிவு மாறாத ஓர் அளவு என்று அவர் கருதவில்லை. அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். நான்கு முறை படித்தாலும் தேர்வறையில் மறந்துவிடுகிறது. எனக்கு அறிவு குறைவோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அஞ்ச வேண்டாம், தம்பி. மாற வேண்டியது படிக்கும் முறை. ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, நினைவிலிருந்து மூன்று தடவை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் மீண்டும் படித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவுகூர்ந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நாம் 'தெரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். மறுநாளும், மூன்று நான்கு நாள் கழித்தும், அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். கொஞ்சம் மறந்த பின் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் பாடத்தை ஊன்றச் செய்கிறது. முதல் சில நாள்கள் தாளில் பாதிகூட நிரம்பாது. அந்த நாள்களில் முறையைக் கைவிட்டுப் பழையபடி வாசிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.