லண்டன் அருங்காட்சியகத்தில் கல்லாகிக் கிடக்கும் செடிகள்: கேள்வி பதில்

லண்டன் சௌத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1881இல் திறக்கப்பட்டது. போகிறவர்களில் பெரும்பாலோர் டைனோசரையும் திமிங்கலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள தாவரப் புதைபடிவங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

பிள்ளைகளோடு போயிருந்தோம், சார். செடிப் புதைபடிவம் எதுவும் பெரிதாகக் கண்ணில் படவில்லையே? (கோவை)

சேகரிப்பில் பெரும்பகுதி காட்சிக்கு வைத்ததல்ல. ஆய்வாளர்களுக்காக இழுப்பறைகளிலும், நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டிகளிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று வெட்டவெளியிலேயே வெகுகாலமாகக் கிடக்கிறது. எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்லீத் கல்குவாரியில் கிடைத்த ஒரு பெரிய அடிமரம் அது. வயது சுமார் 33 கோடி ஆண்டு. பலரும் ஏதோ பாறை என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

அந்தக் குவாரியின் மரங்களுக்கு அறிவியலில் தனி இடம் உண்டு. எடின்பரோக்காரரான வில்லியம் நிக்கோல் கல்மரத்தை அறுத்து, ஒரு பக்கத்தை மெருகேற்றிக் கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தை வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்தார். அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் செல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஹென்றி வித்தம் 1831இல் அவற்றைப் படங்களோடு வெளியிட்டார். கல்லுக்குள் இருப்பது என்ன மரம் என்று உள்ளமைப்பைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

திருவக்கரையில் பார்த்த கல்மரமும் இதுவும் ஒன்றா? (விழுப்புரம்)

கல்லான விதம் பொதுவானது. புதைந்த மரத்துக்குள் தாது கரைந்த நீர் ஊறி, செல் செல்லாக நிரப்பி இறுகுகிறது. காலம்தான் வேறு. திருவக்கரை மரங்களுக்கு ஏறக்குறைய 2 கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரரான சொன்னேரா 1781இல் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே போனால் ஒரு சில்லைக்கூட எடுத்துவராதீர்கள். எந்த இடம், எந்த அடுக்கு என்ற விவரம் போய்விட்டால் அது அலமாரியில் வைக்கும் அழகுக்கல், அவ்வளவுதான்.

இந்தச் சேகரிப்பில் ஒன்றே ஒன்றைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவீர்கள்? (யாழ்ப்பாணம்)

யோசிக்கவே மாட்டேன், ரைனி செர்ட்தான். செர்ட் என்பது சிலிக்கா இறுகிய கடினமான பாறை. ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ரைனி என்றொரு சிற்றூர். வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912 வாக்கில் அங்கே வயல்வெளியில் கிடந்த கற்களில் செடித்தண்டுகளைக் கண்டார். 40 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த இடம். சிலிக்கா கரைந்த நீர் பெருகி வந்து, செடிகளை நின்ற நிலையிலேயே மூடி இறுக்கிவிட்டது. தாவரப் புதைபடிவ ஆய்வாளர்களான கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் 1921 வரை எழுதிய ஆய்வுகள் இவற்றை உலகறியச் செய்தன.

அதில் ரைனியா என்ற செடியைப் பாருங்கள். உயரம் ஒரு சாண் அளவு. இலை கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. இரண்டிரண்டாகக் கிளைக்கும் பச்சைத்தண்டு, நுனியில் வித்துப்பை (விதை அல்ல, பெரணியில் இருப்பது போன்ற நுண்வித்துகள் கொண்ட பை), தரையோடு படர்ந்த தண்டில் மெல்லிய மயிரிழைகள். குறுக்குச் சீவலில் நடுவே நீர் கடத்தும் குழாய்க் கற்றை புள்ளியாகத் தெரிகிறது. தண்டின் மேல்தோலில், காற்று போய்வரும் நுண்துளையின் (இலைத்துளை என்பது இதன் பெயர்) இரண்டு காவல் செல்களும் அப்படியே இருக்கின்றன. நிலத்தில் செடி ஏறிய புதிதில் அது எப்படி மூச்சுவிட்டது, எப்படித் தண்ணீர் குடித்தது என்பதை நேரடியாகக் காட்டும் கல் இது.

2014இல் இந்த அருங்காட்சியக ஆய்வாளர்களும் சேர்ந்த குழு ஒன்று, ஹார்னியோபைட்டன் என்ற இன்னொரு ரைனிச் செடியின் சீவல்களை ஆராய்ந்து, உள்ளே இரண்டு வகைப் பூஞ்சைகள் குடியிருந்ததைக் காட்டியது. வேர் உருவாகும் முன்பே செடிக்கும் பூஞ்சைக்கும் கூட்டு இருந்திருக்கிறது! எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

லண்டனில் அத்தாப்புக் காய் கிடைத்தது என்று எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லையே! (ஈப்போ)

நம்பலாம். தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷெப்பி தீவு இருக்கிறது. அங்கே கடலோரக் களிமண் சரியும்போதெல்லாம் சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய காய்களும் விதைகளும் வெளியே வருகின்றன. அவற்றில் நிறையக் கிடைப்பது நிப்பா பனையின் காய். உங்கள் மலேசியாவில் கூரை வேய்கிற, ஐஸ் கச்சாங் என்ற பனித்தூள் இனிப்பில் போட்டுச் சாப்பிடுகிற அதே அத்தாப்பின் உறவு. அன்றைக்கு இங்கிலாந்தின் தென்கரை அவ்வளவு வெப்பமாக இருந்தது. எலினர் ரீடும் மார்ஜரி சாண்ட்லரும் 1933இல் இந்தக் காய் விதைகளைப் பற்றிப் பெரும் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். நிப்பா காய் மத்தியப் பிரதேசத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளிலும் கிடைத்திருக்கிறது, அது இதைவிடப் பழையது.

இவற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. உள்ளே நிறைந்திருப்பது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும். காற்றின் ஈரம் பட்டால் அது கந்தக அமிலமாக மாறி, காயையும் தின்று லேபிளையும் தின்றுவிடும். அதனால்தான் சிலவற்றைச் சிலிக்கோன் எண்ணெயில் ஊறப்போட்டு வைக்கிறார்கள்.

தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழுவிடம் இலைப் புதைபடிவம் இருந்ததாமே? (சென்னை)

ஆமாம். 1912 பிப்ரவரி 8 அன்று, துருவத்திலிருந்து திரும்பும் வழியில், பியர்ட்மோர் பனியாற்றோரம் குழுவில் ஒருவரான எட்வர்ட் வில்சன் பாறைகளைப் பொறுக்கினார். சுமார் 16 கிலோ. பசியும் உறைபனிப்புண்ணும் வாட்டியபோதும் அவர்கள் அதை வீசவில்லை. நவம்பரில் உடல்களோடு கற்களும் கிடைத்தன. 1914இல் கேம்பிரிட்ஜ் தாவரவியலர் ஸீவர்ட் அந்த இலைகளை ஆராய்ந்து குளோசாப்டெரிஸ் இண்டிகா என்றார். பெயரிலேயே இந்தியா. ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி உருவான காட்டின் மரமும் இந்தக் குளோசாப்டெரிஸ்தான். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி இது. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மிகப் பிந்தியது.)

ஒரே மரத்துக்கு லெபிடோடெண்ட்ரான், ஸ்டிக்மேரியா, லெபிடோஸ்ட்ரோபஸ் என்று இத்தனை பெயர் எதற்கு? மாணவர்கள் திணறுகிறார்கள். (திருச்சி, கல்லூரி ஆசிரியை)

தண்டு (லெபிடோடெண்ட்ரான்) ஓரிடத்திலும் வேர்ப்பகுதி (ஸ்டிக்மேரியா) ஓரிடத்திலும் கூம்பு (லெபிடோஸ்ட்ரோபஸ்) வேறிடத்திலும் கிடைப்பதால்தான், மேடம். ஒட்டியிருக்கும் துண்டு கிடைக்கும்வரை தனித்தனிப் பெயர் வைப்பதே நேர்மை. சில சமயம் இரண்டு துண்டும் ஒரே செடிதான் என்று சொல்லச் சிறு தடயம் போதும். 1903இல் ஆலிவரும் ஸ்காட்டும் (துருவ ஸ்காட் அல்ல, தாவரவியலர்) ஒரு விதையுறையின் மேல் இருந்த காம்புள்ள சுரப்பிகளையும், பெரணி போன்ற ஓர் இலைத்தண்டின் சுரப்பிகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்று. விதையே போடாத பெரணி என்று நினைத்தது விதை போடும் செடி என்று தெரிந்தது! வகுப்பில் இந்தக் கதையிலிருந்து தொடங்குங்கள், பெயர்கள் தானே நிற்கும்.

கண்காட்சியில் பெரணி பதிந்த கல் வாங்கினேன். கறுப்பாக, மிக நுணுக்கமாக இருக்கிறது. கார்பன் முறையில் வயது பார்க்கலாமா? (பெங்களூரு)

நடு நரம்பும், நரம்பிலிருந்து பிரியும் சிற்றிலைகளும் ஒழுங்காக இல்லாமல், விரிசலோரத்திலிருந்து கிளைகிளையாகப் பரவியிருந்தால் அது செடியே அல்ல. மாங்கனீசு ஆக்சைடு படர்ந்த கோலம். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் செல்லும். இந்த மாதிரிக் கற்களுக்கு அது உதவாது.

எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டால் போதாதா? கல்லை ஏன் கட்டிக்காக்க வேண்டும்? (டொராண்டோ)

படம் எடுத்தவர் கேட்காத கேள்விக்குப் படத்தில் பதில் இருக்காது. காற்றில் கரியமில வாயு கூடினால் பல செடிகளில் இலைத்துளைகளின் அடர்த்தி குறைகிறது என்பது 1980களில் தெளிவானது. அதற்கு வெகுமுன்பே சேகரித்த ஜிங்கோ போன்ற மரங்களின் புதைபடிவ இலைகளின் மேல்தோலை எடுத்து, துளைகளை எண்ணி, பழங்காலக் காற்றைக் கணிக்கிறார்கள். ஷெப்பிக் காய்களை இன்று உடைக்காமலே எக்ஸ் கதிர் ஸ்கேனில் உள்ளே பார்க்கிறார்கள். ரீடும் சாண்ட்லரும் அதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. கல்லும் லேபிளும் இருந்ததால்தான் இது நடந்தது.

மகள் பிளஸ் டூ. இந்தத் துறையில் போக ஆசைப்படுகிறாள். இந்தியாவிலேயே வழி உண்டா? (தஞ்சாவூர்)

நிச்சயம் உண்டு. இளங்கலையில் தாவரவியலோ நிலவியலோ எடுக்கட்டும், மற்றதைக் கூடவே படித்துக்கொள்ளலாம். லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1946இல் தொடங்கியது. சாஹ்னி கேம்பிரிட்ஜில் ஸீவர்ட்டிடம் படித்தவர், மேலே அண்டார்டிக் இலையைச் சொன்னேனே, அதே ஸீவர்ட். இப்போதைக்கு ஒரு நல்ல கைலென்ஸ் வாங்கிக் கொடுங்கள். உயிரோடு இருக்கும் இலைகளின் நரம்பமைப்பை வரைந்து பழகச் சொல்லுங்கள். அப்புறம் அரியலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்வாருங்கள்.