சிட்னியில் நள்ளிரவு 1.30, திருச்சியில் இரவு 8

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: திருச்சியிலிருந்து சிட்னி வந்து நாலு மாதம். பையனுக்கு 14 வயது. ராத்திரி ஒன்றரை, இரண்டு வரை போனோடு கிடக்கிறான். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். இந்த ஊர்க் காற்று பட்டுக் கெட்டுப்போனானா, போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா?

பூட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சிட்னி இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும், மற்ற மாதங்களில் நாலரை மணி. திருச்சிப் பையன்கள் டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, போனைக் கையில் எடுப்பது இரவு எட்டு மணிக்கு. அது இங்கே நள்ளிரவு ஒன்றரை. உங்கள் மகன் விழித்திருக்கும் நேரம் அச்சு அசலாக அதுதான். இங்கே பள்ளியில் இன்னும் ஒட்டவில்லை, பழைய கூட்டாளிகள் கிடைப்பது அந்த நேரத்தில் மட்டும். வந்த புதிதில் பதின்வயதுப் பிள்ளைகளிடம் காணும் "போன் பைத்தியம்" பாதிக்கு மேல் இதுதான். போனைப் பிடுங்கினால் அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே நட்பையும் சேர்த்துப் பிடுங்குகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை அந்தப் பேச்சைப் பகலுக்கு நகர்த்துவது. சனி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி என்றால் திருச்சியில் காலை ஒன்பதரை. அங்கேயும் பெரும்பாலும் விடுமுறை. அந்த இரண்டு மணி நேரத்தை அவனுக்கென்று விட்டுவிடுங்கள், கடைக்கு வா, கோயிலுக்கு வா என்று கூப்பிடாதீர்கள். கூட்டாளிகளிடம் அவனே சொல்லி நேரம் பேசி வைக்கட்டும். இது இரண்டு வாரம் நடந்த பிறகு இரவுக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தால் சண்டை பாதியாகக் குறையும்.

அடுத்தது தூக்கம். 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது ஆஸ்திரேலிய அரசின் பரிந்துரை. படிப்பு தவிர்த்த பொழுதுபோக்குத் திரைக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. இரண்டாவதை முதல் மாதமே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், தூக்கத்தைப் பிடியுங்கள். இந்த வயதில் தூக்கம் வருவதே உடல்ரீதியாகத் தள்ளிப்போகும், அது சோம்பேறித்தனம் இல்லை. இன்று ஒன்றரை மணிக்குத் தூங்குபவனை நாளை பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மூன்று நாளைக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னே கொண்டு வாருங்கள், ஒரு மாதத்துக்குள் பத்தரை மணிக்கு வந்துவிடும். எழும் நேரம் மட்டும் அசையக் கூடாது. சனிக்கிழமை பதினொன்று வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை பழைய கதைதான். எழுந்ததும் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் படச் செய்யுங்கள்.

போன் இரவில் அடுக்களை மேடையில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் அவன் அம்மாவுடையதும் அதன் பக்கத்திலேயே. "அலாரத்துக்கு வேணும்" என்பான். மலிவான அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்தச் சாக்கு போயிற்று. இந்தியாவிலிருந்து கொண்டு வந்த பழைய போன்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நல்ல பிள்ளையாக ஒன்றை மேடையில் வைத்துவிட்டு இன்னொன்றைப் போர்வைக்குள் வைத்திருப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஐபோன் என்றால் ஃபேமிலி ஷேரிங் என்ற குடும்பக் குழுவில் அவனைச் சேர்த்து, உங்கள் போனிலிருந்தே அவனுக்கு ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாட்டைப் போடுங்கள். அதில் போனைப் பூட்டும் நேரத்தை வைக்கும் டவுன்டைம் போட்டால் மட்டும் போதாது. அதன் கீழே "பிளாக் அட் டவுன்டைம்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் "இக்னோர் லிமிட்" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடு அவன் பிறந்த ஆண்டாகவோ உங்கள் போனைத் திறக்கும் எண்ணாகவோ இருக்க வேண்டாம். மறந்தால் மீட்க உங்கள் ஆப்பிள் கணக்கைக் கொடுங்கள், அவனுடையதைக் கொடுத்தால் அவனே மாற்றிவிடுவான். தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். "ஊர் நேரம் தெரியணும்" என்று போன் கடிகாரத்தை இந்தியாவுக்கு மாற்றி வைத்தால், ஒன்பதரைக்கு விழ வேண்டிய பூட்டு இங்கே விடியற்காலை மூன்று மணிக்குத்தான் விழும்!

ஆண்ட்ராய்டு என்றால் ஃபேமிலி லிங்க், பிள்ளையின் போனைப் பெற்றோர் மேற்பார்வையிடும் கூகுள் செயலி. ஒரு சிக்கல் வரும்: ஊரில் கூகுள் கணக்கைத் திறக்கும்போது 18 வயது தாண்டியதாகப் பிறந்த ஆண்டைப் போட்டிருப்பார்கள். பெரியவர் கணக்கை ஃபேமிலி லிங்க் மேற்பார்வைக்கு எடுக்காது. முதலில் பிறந்த தேதியைத் திருத்துங்கள்.

மோடத்தில் அவன் போனை மட்டும் நிறுத்துகிறேன் என்று சிலர் இறங்குவார்கள். இன்றைய போன்கள் வைஃபை முகவரியை மாற்றிக் காட்டும், மோடம் அதைப் புதுப் போன் என்று நினைத்து உள்ளே விடும். வைஃபை செட்டிங்ஸில் இப்படி முகவரியை மாற்றும் பிரைவேட் அட்ரஸை வீட்டு இணைப்புக்கு மட்டும் அணைத்தால் சரியாகும். சிம்மில் டேட்டா நிறைய இருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண், சின்ன பிளானாக மாற்றுங்கள். லேப்டாப்பை மறக்காதீர்கள். பள்ளி வைஃபையில் இருக்கும் வடிகட்டி வீட்டு வைஃபையில் இருக்காது. ஹோம்வொர்க் ஹாலில் நடக்கட்டும்.

சமூக ஊடகத்துக்கான வயதுச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், ஃபேஸ்புக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி அந்த நிறுவனங்கள் தடுக்க வேண்டும். தவறினால் அவர்களுக்கு 4.95 கோடி டாலர் வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. வாட்ஸ்அப் இதில் வராது, எனவே திருச்சிக் கூட்டாளிகளோடு பேச வழி இருக்கிறது. யூடியூபைக் கணக்கில்லாமல் பார்க்கலாம். பாவம் என்று உங்கள் கணக்கை அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பெரியவர்களுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் வரும். விளையாட்டுப் பிள்ளைகள் அரட்டை அடிக்கும் டிஸ்கார்டு செயலியும் தடையில் இல்லை. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பும் வசதியை அங்கே அணைத்து வையுங்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2023 கடைசிப் பருவத்திலிருந்தே இடைவேளையிலும் போன் கூடாது. அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்துக்கு அழையுங்கள்.

பள்ளி மூன்று மணி வாக்கில் விடும், நீங்கள் வீடு வர ஆறு ஆகும். அந்த மூன்று மணி நேர வெற்றிடத்தை நிரப்பாமல் எந்தப் பூட்டும் நிற்காது. கிரிக்கெட் கிளப்புகள் அக்டோபர் பருவத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பெயர் எடுத்துவிடும், தள்ளிப் போடாதீர்கள். அதுவரை பக்கத்து நூலகம். காசில்லை, சூடும் குளிரும் இல்லை, அவன் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

கை நீட்டும் பழக்கம் இருந்தால் ஊரோடு விட்டுவிடுங்கள். தலையிலும் கழுத்திலும் அடிப்பதைக் கண்டிப்பு என்று இந்த மாநிலச் சட்டம் ஏற்காது. பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்று சந்தேகம் வந்தால் ஆசிரியர் மேலே சொல்லியே ஆக வேண்டும்.

போனைக் குறைத்த முதல் வாரம் முறைப்பு, கதவைச் சாத்துவது எல்லாம் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு இறங்காமல், பள்ளிக்குப் போகாமல், சாவு பற்றிப் பேசினால் அது வேறு விஷயம். பள்ளியில் அவன் வகுப்புப் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியரான இயர் அட்வைஸரிடம் சொல்லி கவுன்சிலரைப் பாருங்கள், காசு இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, இருபத்துநாலு மணி நேரமும் அவனே பேசலாம். உங்களுக்குத் தமிழில் பேச வேண்டுமென்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450இல் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அவனுடைய அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு அனுப்பாதீர்கள், செய்திகளை அழிக்காமல் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான இ-சேஃப்டியில் புகார் கொடுங்கள். திட்டு விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் இதை மறைப்பார்கள், "போனைப் பிடுங்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே வரும். திருச்சியின் எட்டு மணி அப்போது நமக்குப் பன்னிரண்டரை. சனிக்கிழமைப் பேச்சு நேரத்தையும் அந்த வாரமே இரண்டு மணிக்கு மாற்றிவிடுங்கள்.