முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு உயிர் இரையா, வெட்டு இரையா?

நண்பரே, முட்டுக்காடு முகத்துவாரத்தில் தூண்டிலில் மத்தித் துண்டு போட்டால் கெளுத்திதான் மாட்டுகிறது, கொடுவா தொடவே இல்லை, வீசும்போதே இரை கழன்று விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கெளுத்தி வாடை பிடித்து வரும் மீன், மத்தியின் எண்ணெய் வாடை அதற்குப் போதும். கொடுவா பதுங்கியிருந்து அசைகிற இரையை அடிக்கும், அதனால் விரல் நீள மடவைக் குஞ்சை உயிரோடு போடுங்கள். தூண்டில் முள்ளை அதன் மேலுதட்டில் மட்டும் குத்தி, ஈயக் குண்டின் எடையைக் குறைத்து, வேகமாகச் சுழற்றாமல் மெதுவாகத் தூக்கிப் போட்டால் போதும், பொழுது சாய்ந்து நீர் ஏறும்போது கொடுவா கல்லோரம், தூணோரம் என்று கரைக்குப் பக்கத்திலேயே வரும். வாளியில் குஞ்சுகளை அடைக்காதீர்கள், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே தண்ணீரை மாற்றுங்கள்.

மத்தியையும் கைவிட வேண்டாம். கல்லுப்பு தூவி ஒரு ராத்திரி வைத்தால் சதை இறுகிவிடும், தூண்டில் முள்ளைத் தோல் வழியாக இரண்டு முறை ஏற்றுங்கள், கழலாது. தூரமாக வீச வேண்டிய அலைவாயில் அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.